கணகணன்னு

வரட்டும், எல்லா அறையையும் பார்க்கட்டும், நமக்கென்ன என்று கேட்டின் கொண்டியைத் தூக்கும்போதே சாந்தாமணி மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். ஆனால் ஜீப்பிலிருந்து இறங்கிய அதிகாரியம்மாவைக் கும்பிட்டபோதுதான் இரண்டு உள்ளங்கையும் ஈரமாக இருப்பது தெரிந்தது. பயத்தில் வேர்த்த ஈரம் என்று யாராவது நினைத்தால் அவர்கள் நினைப்பில் மண்ணைப் போட. அது துணி பிழிந்த ஈரம். உள்ளே கடைசி அறையில் இரண்டரை வயசு ஜீவிதாவின் நெற்றியில் மடித்துப் போட்டுவிட்டு வந்த துணியின் ஈரம். புடவையில் துடைத்துக்கொண்டாள். துடைத்தது தப்போ, எதையோ மறைக்கிறவள் மாதிரி ஆகிவிட்டதோ என்று உடனே ஒரு யோசனை. மறைக்கிறதா, யார் மறைக்கிறது, இன்றைக்கு எதையும் மறைக்கப் போவதில்லை என்று காலையிலேயே முடிவு செய்தாயிற்று, முடிவு செய்தது செய்ததுதான். அதிகாரியம்மாவின் பெயர் சுகந்தி. மாவட்ட அலுவலகத்துக்குப் புதிதாக மாற்றலாகி வந்தவர், கறார் என்று இரண்டு தெரு தள்ளி இதே மாதிரிக் குழந்தைகள் காப்பகம் நடத்துகிறவள் போனில் சொல்லியிருந்தாள். கறாரோ என்னவோ, வாசலில் யாரும் சொல்லாமலேயே செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். அது சாந்தாமணிக்குப் பிடித்திருந்தது, பிடித்ததே எரிச்சலாகவும் இருந்தது. "லைசென்ஸ் இந்த மாசத்தோட முடியுதில்லம்மா?" என்றார் மேடம், சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருந்த உரிமத்தைப் பார்த்துக்கொண்டே. "முடியுதுங்க மேடம்." முடிகிறது. இவர் கையெழுத்துப் போட்டால் இன்னும் மூன்று வருஷம், போடாவிட்டால் மாசக் கடைசியில் இந்தக் கேட்டுக்குப் பூட்டு. அப்புறம் இந்தத் தெருவில் வரிசையாக இருக்கிற பனியன் கம்பெனிகளில் தைக்கிறவளும் செக்கிங் பார்க்கிறவளும் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு எங்கே போவாள், திக்குத் தெரியாமல் நிற்பாள். அது அத்தனையும் இந்த அம்மாவின் கைப்பையில்கூட இல்லாத, கையில் சும்மா சுழற்றிக்கொண்டிருக்கிற ஒரு நீலப் பேனாவில் இருக்கிறது.

கணகணன்னு. காலையிலிருந்து இந்த வார்த்தைதான் மண்டைக்குள் ஈ மாதிரிச் சுற்றுகிறது, விரட்டினாலும் போய்விட்டு வந்து அதே இடத்தில் உட்காருகிறது. முத்துப்பேச்சி சொன்னாள். ஜீவிதாவின் அம்மா, தென்காசிப் பக்கம், இரண்டு வருஷமாகத் திருப்பூரில் தையல் மிஷினில் உட்காருகிறவள். கேட்டுக்கு வெளியே நின்று பிள்ளையை நீட்டும்போது முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டு சொன்னாள். "காய்ச்சல்லாம் இல்லக்கா, லேசா கணகணன்னு இருக்கு, அம்புட்டுதான்." எல்லாத் தாயும் சொல்கிற வார்த்தை. சேலத்துக்காரியும் சொல்வாள், உடுமலைக்காரியும் சொல்வாள், கல்யாணமாகி வந்த பீகார்க்காரப் பெண்கூட மற்றதெல்லாம் இந்தியில் சொல்லிவிட்டு இந்த ஒரு வார்த்தையை மட்டும் சுத்தத் தமிழில் சொல்வாள். ஏனென்றால் உரிமத்தோடு ஒட்டிய நிபந்தனைகளில் காய்ச்சல் உள்ள குழந்தையைச் சேர்க்கக் கூடாது என்று அச்சடித்திருக்கிறது, கணகணன்னு இருக்கிற குழந்தையைப் பற்றி ஒன்றும் அச்சடிக்கவில்லை. கோயில் மணி அடித்தாலும் கணகண, பிள்ளைக்கு உடம்பு சுட்டாலும் கணகண, எவன் கண்டுபிடித்தானோ, காய்ச்சலைக் காய்ச்சல் இல்லை என்று சொல்வதற்கு என்றே ஒரு வார்த்தை. அப்புறம் சாந்தாமணி பிள்ளையை வாங்கி முகத்தோடு முகம் வைத்தாள். வாயில் ஆரஞ்சு மிட்டாய் வாசம். காய்ச்சல் மருந்தின் வாசம். விடிகாலையில் மருந்தை ஊற்றி, சூடு இறங்கியிருக்கிற நேரம் பார்த்து நீட்டுகிறார்கள், மருந்தின் வேகம் போனதும் பிள்ளை அடுப்பு மாதிரி ஆகிவிடும். "பேச்சி, இங்க பாரு. மொகத்தத் திருப்பாத. எங்கிட்ட என்ன சொல்லோணும்னு சொல்லியிருக்கறேன்?" முத்துப்பேச்சி தெருவையே பார்த்தாள். கம்பெனி சங்கு ஊதியது. பிறகு ஒரேயடியாகச் சொன்னாள். "காய்ச்சல்தான்க்கா. ராத்திரி பூரா ஒறங்கல. ஆறு மணிக்கு மருந்து குடுத்தேன். இன்னிக்கு லீவு போட்டா லைன்ல வேற ஆளப் போட்டுருவாவ." அவ்வளவுதான், அதைத்தான் கேட்டாள், ஆறு மணி என்ற ஒன்றைத்தான். "போ. போயி மிஷின்ல உக்காரு. நான் வெச்சுக்கறேன்."

சமையலறையில் மேடம் தண்ணீர்க் குடத்தின் மூடியைத் தூக்கிப் பார்த்தார். சிலிண்டர் வெளியே இருக்கிறதா என்று பார்த்தார். அரிசி டப்பாவில் கையை விட்டு ஒரு பிடி எடுத்து ஊதிப் பார்த்தார். பார்க்கட்டும், வண்டு இருந்தால் சொல்லட்டும், முந்தாநாள்தான் ஆயா துளசி வெயிலில் காயப்போட்டு எடுத்தாள். துளசி எங்கே. துளசியைத்தான் ஜீவிதாவோடு விட்டுவிட்டு வந்திருக்கிறாள், துணி காய்ந்தால் நனைத்துப் போட வேண்டும், வழக்கம்போல் கனவு கண்டுகொண்டு உட்கார்ந்திருந்தால்? "அம்மா, கத்தியெல்லாம் எங்க வைக்கறீங்க?" "மேல் தட்டுலங்க மேடம், பிள்ளைங்க கைக்கு எட்டாது." எட்டாது. எதுதான் பிள்ளைகள் கைக்கு எட்டுகிறது. அம்மா எட்டவில்லை, காலையில் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்தச் சின்னக் கை நீண்டதே, அது எட்டவில்லை. ஜன்னல் வழியே வெயில் தெரிந்தது. எதிர்த்த கட்டடத்துச் சுவரில் வெள்ளை வெயில், பார்த்தாலே கண் கூசுகிற வெயில், இதே மாதிரி வெயில்தான் அன்றைக்கும். அப்போது இந்தக் காப்பகம் வேறொருத்தி கையில் இருந்தது, சாந்தாமணி ஆயா. ஜீப் வருகிறது என்று போன் வந்ததும் முதலாளியம்மா பின்வாசலைத் திறந்து, உடம்பு அனலாகக் கொதித்த ஒரு ஆண் பிள்ளையை அவள் தோளில் போட்டு, "ஜீப் போற வரைக்கும் எங்கியாச்சும் போய்ட்டு வாடி" என்றாள். எங்கே போவது? ஜீப் போகும் வரை ஒரு காய்ச்சல்காரப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒரு பொம்பளை எங்கே போவாள். கறிக்கடை நிழலில் நின்றாள், கடைக்காரன் என்ன வேண்டும் என்றான். சாயப்பட்டறைச் சுவர் ஓரமாக நடந்தாள், அங்கே நிழலே இல்லை. பிள்ளையின் மூச்சு கழுத்தில் சுட்டது. வெயில் எது பிள்ளை எது என்று தெரியாமல் தோள் எரிந்தது. ஒரு தடவை பிள்ளையின் கண் மேலே செருகிக்கொண்டு போனது, தெருக்குழாயில் தண்ணீரை வாரி முகத்தில் அடித்தாள், நல்லவேளை, முழித்துக்கொண்டது, அழுதது. பிள்ளை அழுதால் சந்தோஷப்படுகிற நிலைமைக்கு ஒரு பொம்பளை வரலாமா. அந்த நேரம் உள்ளே ஜீப்பில் வந்தவர் காற்றாடிக்கடியில் உட்கார்ந்து காப்பகம் சுத்தமாகவும் சுகாதாரமாகவும் இருக்கிறது என்று எழுதிக்கொண்டிருந்தார். அன்றைக்கு வந்த கோபம் இன்னும் தீரவில்லை, தீராமலே இருக்கட்டும் என்றுதான் அவள் அதை வளர்த்துக்கொண்டிருக்கிறாள்.

கழிப்பறை. மேடம் குழாயைத் திறந்து மூடினார், தரை வழுக்குகிறதா என்று வெறுங்காலால் தேய்த்துப் பார்த்தார், சோப்பை எடுத்து முகர்ந்தார். "நல்லா வச்சிருக்கீங்கம்மா." சந்தோஷமா என்று கேட்டால் சந்தோஷம்தான், யாருக்குத்தான் புகழ்ச்சி கசக்கும். ஆனால் ஒவ்வொரு அறைக்கும் நன்றாக இருக்கிறது நன்றாக இருக்கிறது என்று சேர்த்துக்கொண்டே போய்க் கடைசி அறையில் மொத்தத்தையும் ஒரே வீச்சில் அழிக்கப் போகிறோம் என்று தெரிந்தே கேட்டுக்கொள்வது ஒரு மாதிரி இருந்தது. கடைசி அறை. அதை நினைத்தால் அவளுக்குச் சிரிப்பு வரும், சிரித்தால் ஆத்திரம் வரும். நோயுற்ற குழந்தைகளுக்கான தனி அறை என்று கதவில் பலகை மாட்டியிருக்கிறது. நிபந்தனைப்படி அது கட்டாயம் இருக்க வேண்டும், கட்டில் இருக்க வேண்டும், மெத்தை இருக்க வேண்டும், வெள்ளை விரிப்பு இருக்க வேண்டும், ஜன்னல் இருக்க வேண்டும். நோயுற்ற குழந்தை மட்டும் இருக்கக் கூடாது. அதே தாளில், நாலு வரி கீழே, சேர்க்கக் கூடாது என்று இருக்கிறது. போன தடவை வந்தவரிடம் அவள் கேட்டே விட்டாள், "அப்ப இந்த ரூம் யாருக்குங்க சார்?" அவர் தாளை மேலே ஒரு தடவை கீழே ஒரு தடவை பார்த்துவிட்டு, "ரூல்ல இருக்கும்மா" என்றார். ரூல்ல இருக்கு. கட்டில் வாங்கிப் போட்ட நாளிலிருந்து அந்த விரிப்பில் ஒரு பிள்ளை படுத்ததில்லை. கடையில் மடித்த மடிப்புகூடக் கலையாமல் கட்டம் கட்டமாக நின்றது, ஆய்வுக்கு முந்தின நாள் தூசி தட்டுவார்கள், ஆய்வு முடிந்ததும் கதவைச் சாத்துவார்கள். காய்ச்சல்காரப் பிள்ளைகளோ கூடத்தில் மற்றப் பிள்ளைகளோடு பிள்ளையாக, ஒருத்தர் எச்சில் ஒருத்தர் மேல் பட, ஒரே தம்ளரில் தண்ணீர் குடித்துக்கொண்டு, லேசா கணகணன்னு. ஏனென்றால் அந்தக் கட்டிலில் படுக்க வைத்தால் நோயுற்ற குழந்தை என்று ஒத்துக்கொண்டதாகிவிடும். கூடத்தில் கிடந்தால் கணகணன்னு. இந்தக் கிறுக்குத்தனத்துக்குக் கையெழுத்தும் போட்டு முத்திரையும் குத்தி வைத்திருக்கிறார்கள்.

இன்றைக்குக் காலையில் அந்த மடிப்பு கலைந்தது. ஜீவிதாவைக் கொண்டுபோய்க் கட்டிலில் போட்டாள், பிள்ளை உருண்டு குப்புறப் படுத்துக்கொண்டது, விரிப்பில் எச்சில் ஒழுகியது, ஈரத்துணித் தண்ணீர் சொட்டியது, அப்பாடா என்று இருந்தது சாந்தாமணிக்கு. பத்து மணிக்கு வைத்த தெர்மாமீட்டர் நூற்றியொன்று காட்டியது. ஆறு மணிக்குக் கொடுத்தது என்று தெரிந்திருந்ததால்தான் அடுத்த மருந்தைத் தைரியமாகக் கொடுக்க முடிந்தது. தெரியாமல் கொடுத்தால்? அம்மா கொடுத்ததை மறைக்க, இவள் மறுபடி ஊற்ற, இரண்டும் வயிற்றுக்குள் சேர்ந்தால்? அதற்குத்தான் ஒவ்வொரு தாயையும் கேட்டில் நிற்க வைத்துச் சத்தியம் வாங்குகிறமாதிரி வாங்குகிறாள். எங்கிட்டப் பொய் சொல்லாதே, காய்ச்சல்னு சொல்லு, சொன்னா வெச்சுக்கறேன், கணகணன்னு சொன்னா திருப்பி அனுப்பீருவேன். அவர்கள் நம்பவில்லை முதலில். யார் நம்புவார்கள், உண்மையைச் சொன்னால் வைத்துக்கொள்கிறேன் என்று உலகத்தில் யார் சொல்லியிருக்கிறார்கள் அவர்களிடம், கம்பெனியில் சொன்னார்களா, வீட்டுக்காரன் சொன்னானா. கூடத்துக்குள் மேடம் போனார். பிள்ளைகள் பாயில் உட்கார்ந்து மேடத்தை அண்ணாந்து பார்த்தன. ஒன்று மட்டும் எழுந்து வந்து அவர் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தது. மேடம் குனிந்து அதன் மூக்கைத் தன் கைக்குட்டையால் துடைத்துவிட்டார், துடைத்த கைக்குட்டையை என்ன செய்வது என்று தெரியாமல் ஒரு கணம் நின்று மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். நல்ல மனுஷிதான் போலிருக்கிறது. அதுதான் கஷ்டம். கெட்டவளாக இருந்தால் சண்டை போட்டுவிடலாம்.

அப்போது கடைசி அறையிலிருந்து முனகல் கேட்டது. சின்ன முனகல்தான், மேடம் தீயணைப்பு உருளையின் தேதியைப் படித்துக்கொண்டிருந்தார், காதில் விழுந்ததோ இல்லையோ. சாந்தாமணிக்கு விழுந்தது. திரும்பிப் பார்த்தால் நடையின் அந்தக் கோடியில் துளசி நிற்கிறாள், தோளில் ஜீவிதா, ஒரு கை பின்வாசல் தாழ்ப்பாளில். கண்ணால் கேட்கிறாள், போகட்டுமா அக்கா? யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அவளாகத் தெரிந்துவைத்திருக்கிறாள், இந்தத் தெருவில் எல்லா ஆயாவுக்கும் தெரிந்த வழி அது. ஒரு தலையசைப்பு போதும். தலையை இப்படி ஒரு தடவை. ஜீப் போகும் வரை, அரை மணி நேரம்கூட இருக்காது, கையெழுத்து வந்துவிடும், மூன்று வருஷம், எத்தனை பிள்ளைகள், முத்துப்பேச்சிக்கும் நல்லது, எல்லாருக்கும் நல்லது. தலை அசையப் பார்த்தது. கழுத்து நரம்பு வரைக்கும் வந்துவிட்டது அந்த அசைவு. துளசிக்குப் பின்னால் கதவிடுக்கில் வெயில் ஒரு கோடாகத் தெரிந்தது, தோள் எரிந்தது, பழைய எரிச்சல், அதே இடத்தில். மாட்டேன். என் தலையை வெட்டினாலும் மாட்டேன். துளசியை ஒரு முறை முறைத்தாள், சாதாரண முறைப்பில்லை, துளசி பிள்ளையோடு அப்படியே பின்னால் நகர்ந்து அறைக்குள் போய்விட்டாள்.

"அவ்ளோதாம்மா, மத்ததெல்லாம் சரியா இருக்கு" என்று மேடம் நடையில் வந்து நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சாப்பாட்டு நேரம், இன்னும் இரண்டு காப்பகம் பாக்கி என்று ஜீப்பில் வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. மூடிய கதவின் பலகையைப் படித்தார். "சிக் ரூம். கட்டில் இருக்கு, விரிப்பு இருக்கு. இருக்கில்ல? டிக் போட்டுடறேன்." நீலப் பேனா தாளுக்கு மேலே நின்றது. அட, இவர் பார்க்கக்கூடப் போவதில்லை. சாந்தாமணிக்கு ஒன்றும் செய்ய வேண்டியதில்லை, தலையசைக்கக்கூட வேண்டியதில்லை, சும்மா நின்றால் போதும், வாயை மூடிக்கொண்டு சும்மா நின்றால் எல்லாம் தானாக நடந்துவிடும். இத்தனை காலமும் அப்படித்தானே நடந்தது, யாரும் கதவைத் திறக்காததால், திறக்க வேண்டாம் என்று இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்டதால், பலகை ஒரு பொய், கட்டில் ஒரு பொய், டிக் ஒரு பொய். "பாருங்க மேடம்" என்றாள். தன் குரல்தானா என்று இருந்தது. "பாத்துட்டுப் போடுங்க." கதவைத் தள்ளினாள்.

துளசி கட்டில் ஓரமாக எழுந்து நின்றாள். ஜீவிதா மல்லாந்து படுத்திருந்தாள், கன்னம் இரண்டும் சிவந்து, உதடு காய்ந்து, கலைந்த விரிப்பின் நடுவில் அவ்வளவு சின்னதாக. மேடம் வாசலிலேயே நின்றார். பிறகு உள்ளே போய், குனிந்து, புறங்கையைப் பிள்ளையின் கழுத்தடியில் வைத்தார், நெற்றியில் இல்லை, கழுத்தடியில், பிள்ளை பெற்றவள் வைக்கிற இடத்தில். கையை எடுக்கவில்லை. தாளைப் பார்த்தார், சாந்தாமணியைப் பார்த்தார், கதவுக்கு வெளியே யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, அலுவலகத்துக் குரலை எங்கேயோ கழற்றி வைத்துவிட்டு, வீட்டில் பேசுகிற மாதிரி, "லேசா கணகணன்னு இருக்கு போல" என்றார்.

அடக் கடவுளே. இவருக்கும் தெரியும் அந்த வார்த்தை. இவரும் என்றைக்கோ ஒரு காலையில் யார் வீட்டு வாசலிலோ பிள்ளையை நீட்டிக்கொண்டு முகத்தைத் திருப்பிச் சொன்னவர்தான். நல்லெண்ணத்தில் சொல்கிறார், கைகொடுத்துத் தூக்கிவிடுகிறார், பிடித்துக்கொண்டால் போதும், ஆமாங்க மேடம், லேசாத்தான் என்று ஒரு வார்த்தை. துளசி தலையை ஆட்டத் தொடங்கிவிட்டாள். சாந்தாமணிக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது, அந்த அம்மாவின் மேல் பாசம்கூட வந்தது. ஆனால் நாளைக் காலை கேட்டில் முத்துப்பேச்சியின் முகத்தை எப்படிப் பார்ப்பது. அவளிடம் பிடுங்காத குறையாக வாங்கிய வார்த்தையை இங்கே இரண்டு ஆளுக்கு நடுவில் போட்டு மிதிப்பதா. "இல்லைங்க மேடம்" என்றாள். "காய்ச்சல். நூத்தியொண்ணு. காய்ச்சல்னே எழுதுங்க."

மேடம் நிமிர்ந்தார். "எழுதினா என்ன ஆகும்னு தெரியுமில்லம்மா? கீழ கையெழுத்து என்னோடது. லைசென்ஸ் மேல ஆபீசுக்குப் போகும், அவங்க திருப்பி அனுப்பினா நான் ஒண்ணும் பண்ண முடியாது."

"தெரியுங்க. போகட்டுங்க. இந்த ரூம் எதுக்குன்னு அவுங்ககிட்டயும் கேக்கோணும்னு இருந்தேன், இங்கிருந்து கேட்டா அவுங்களுக்குக் கேக்காது, நீங்க எழுதுனா கேக்கும். காய்ச்சல் வந்த பிள்ளை இந்தக் கட்டில்ல படுத்திருந்துச்சுன்னு எழுதுங்க. கூடத்துல இல்ல, தெருவுல இல்ல, கட்டில்ல படுத்திருந்துச்சுன்னு எழுதுங்க. அவுங்கம்மா சாப்பாட்டு நேரத்துக்கு வருவா, டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போவா, சூப்பர்வைசருக்கு நானே போன் பண்ணிச் சண்டை போட்டு அரைநாள் லீவு வாங்கியிருக்கறேன். அதையும் வேணும்னா எழுதுங்க." ஜீவிதா கண்ணைத் திறந்து, யாரோ ஒரு புது அம்மா நிற்பதைப் பார்த்து, அழலாமா என்று யோசித்து, மறுபடி மூடிக்கொண்டாள். மேடம் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தார். தாளை மடியில் வைத்துக்கொண்டார். பேனா நகரவில்லை. எதிர்த்த கம்பெனியில் தையல் மிஷின்கள் விட்டுவிட்டு ஓடுகிற சத்தம் ஜன்னல் வழியே வந்தது, அந்தச் சத்தத்தில் ஒன்று முத்துப்பேச்சியுடையது.

"மருந்து கடைசியா எப்ப குடுத்தது?" என்றார் மேடம், நிமிராமலே.

"அவுங்கம்மா ஆறு மணிக்குங்க. நான் பத்து மணிக்குங்க."

மேடம் எழுத ஆரம்பித்தார். என்ன எழுதுகிறார் என்று சாந்தாமணி எட்டிப் பார்க்கவில்லை. நெற்றித் துணி காய்ந்துபோயிருந்தது. அதை எடுத்து நனைத்தாள், பிழிந்தாள், மறுபடி போட்டாள்.